அட்டையில் இல்லாத ஆள்

எனக்கு எழுபத்தொன்பது வயது ஆகிறது. வளர்த்தது ஐந்து பேர். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது ஆள் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. என் மாமியார் சாகும்போது அவன் கையைப் பிடித்து என் கையில் ஒன்றும் ஒப்படைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த அன்றைக்கு அவன் பசிக்கிறது என்று தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். அவ்வளவுதான் நடந்தது.

அவனுக்கு உடம்பு வளர்ந்தது, புத்தி வளரவில்லை. பேச்சு இருபது முப்பது வார்த்தைக்குள் முடிந்துவிடும். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், ஒருத்தர் பொருளைத் தொட மாட்டான். ஒரே ஒரு குணம், உட்கார மாட்டான். சாப்பாடுகூட நின்றபடிதான். விடிந்தால் நடை. சேக்காட்டில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினால் பருத்திப்பட்டு, காடுவெட்டி, கரையான்சாவடி என்று பூந்தமல்லி வரைக்கும் போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவான். அவன் வீட்டில் இருந்தால் அந்தக் காலடிச் சத்தம் எனக்கு ஆகாது. வெளியே போனாலோ வாசலுக்கும் அடுப்புக்குமாக நான் நடப்பேன். ஒருநாளும் எனக்கு மனசு ஒரு இடத்தில் நிலைகொண்டதில்லை.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து வேலை. அவருடைய அப்பா செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். நான் பிளாஸ்டிக் கம்பெனியில் மூடிக்குப் பிசிறு வெட்டினேன். நான்கு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பினோம். யார் வாசலிலும் போய் எனக்கு இது வேண்டும் என்று நான் நின்றவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

எண்பதுகளின் நடுவில் பெரிய பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முதலில் பொண்ணையா பார்க்கிறார்கள்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன குறை என்றுதான் கண்ணை ஓட்டுவார்கள். ரத்தத்தில் என்னமோ இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மூன்று தெரு தாண்டிப் போய்விடும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. எதிர் வீட்டில் வலிப்பு வருகிற பெண்ணை அந்த மாதிரி நாட்களில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் கொழுந்தனை நடக்க அனுப்புவேன். தூக்கில் சோறு போட்டுக் கையில் கொடுத்து, ஆணியில் தொங்கும் சிவப்புத் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, பின்பக்கக் கதவைத் திறந்துவிடுவேன். அவனுக்கு அது நன்றாகப் பிடிபட்டுவிட்டது. கொஞ்ச நாளில் வாசலில் வேற்று ஆள் குரல் கேட்டாலே துண்டை அவனே எடுத்துக்கொண்டான். நானும் பரவாயில்லையே, விவரம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

திருமழிசையிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்கு அங்கேயே தொழிற்பேட்டையில் வேலை. நிச்சயம் பேச அவனுடைய அம்மா, அதாவது பின்னால் என் சம்பந்தியானவர், வந்து உட்கார்ந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்கிய நேரம். ரேஷன் அட்டை சரிபார்க்க ஒரு வாத்தியார் நோட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

“வீட்ல மொத்தம் எத்தனை பேரும்மா? பழைய அட்டையில ஏழுன்னு இருக்கே.”

“ஆறு பேர் சார்” என்றேன்.

“அப்போ ஏழாவதா ஒரு பேரு இருக்கே, இவரு?”

சம்பந்தி அம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “யாருங்க அது?”

“இப்ப இல்லீங்க” என்றேன்.

“காலமாயிட்டாரா?” என்று வாத்தியார் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்து செத்துவிட்டான் என்று சொல்லவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினேன். அவர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். சம்பந்தி அம்மாள், “அடப்பாவமே, சின்ன வயசா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயந்திரம் அவன் திரும்பி வந்து, வழக்கம்போல் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். நான் அவனுக்கு ஒரு முட்டை பொரித்துப் போட்டேன்.

கல்யாணம் முடிந்தது. அன்றைக்கும் அவனுக்குத் தூக்கும் துண்டும்தான். அட்டையை அப்புறம் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. ஒருநாள் காலையில் போனவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிகளைப் பார்க்கப் போனார். நான் ரோட்டைப் பிடித்து நடந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? எனக்கு ஒரு கொழுந்தன் இருக்கிறான் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால்தானே கேட்க முடியும். கடைசியில் பூந்தமல்லியில், பஞ்சு மெத்தை தைக்கிற ஒரு பாய் கடையில் ஒதுங்கி நின்றேன். கேட்டுத்தான் பார்ப்போமே என்று கேட்டேன்.

“செவப்புத் துண்டு, கையில தூக்கு? தினம் வருவாரேம்மா!” என்று பாய் ஊசியைக் கீழே வைத்தார். “நம்ம கடையாண்ட நின்னுகினே டீ குடிப்பாரு. குந்துங்கன்னு மூணு வருசமா சொல்லிகினு கீறேன், ஒரு நாள் குந்துனதில்ல. முந்தாநேத்து வேனு வந்திச்சு. பஸ் ஸ்டாண்டாண்ட படுத்துகினு கீறவங்க, சும்மா திரியறவங்க எல்லாரையும் ஏத்திகினாங்க. நான் ஓடிப்போய் சொன்னேன், இவரு பிச்சை எடுக்கறவரு இல்ல, ஊடு கீது இவருக்குன்னு. எந்த ஊடு, எந்தத் தெருன்னு கேட்டாங்க. எனக்கு இன்னா தெரியும்?”

வேன் எந்தப் பக்கம் போனது என்று கேட்டுக்கொண்டேன். பாய் டீ வாங்கித் தந்தார், பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நகரத்தில் ஒரு காப்பகத்தில் வைத்திருப்பதாகத் தெரிந்தது. பெரிய கேட், நீளமான வராந்தா, கம்பிக் கதவு. கம்பிக்கு உள்ளே மொட்டையடித்த தலையோடு அவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் “அண்ணி, சோறு” என்றான். அழைத்துப் போகலாம் என்றுதான் நான் போயிருந்தேன். அங்கிருந்த குமாஸ்தா, “ரேஷன் கார்டுல இவரு பேரு இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“வேற போட்டோ, ரிக்கார்டு?”

“இல்ல சார்.”

“அப்போ நீ யாருன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? இந்த மாதிரி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் கல்லு உடைக்க வச்சுடறாங்க. யாரு பதில் சொல்றது?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆதாரத்தோடு வந்தால் விடுவோம், பொங்கலுக்குள் யாரும் வராத ஆட்களைத் தெற்கே தூரத்தில் இருக்கிற ஒரு பெரிய இல்லத்துக்கு அனுப்பிவிடுவோம் என்றார். அங்கே போனால் நான் எப்படிப் போய்ப் பார்ப்பது? எனக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். பொங்கலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அதன் பிறகு ஜன்னல் ஜன்னலாக நின்றேன். ரேஷன் ஆபீசில் தாலுகாவுக்குப் போ என்றார்கள். தாலுகாவில், இறந்ததாக எழுதியிருக்கிறதே, முதலில் அதை அங்கேயே சரி பண்ணிக்கொண்டு வா என்றார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பின்னால் நாற்பது பேர் வரிசையில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். அதில் நம் தெரு ஆள் ஒருத்தர் இருந்தால்? எனக்கு மானம் தாங்கவில்லை. ஒரு ஜன்னலில் கணக்கெடுக்க வந்தவர் தப்பாக எழுதிவிட்டார் என்றேன். இன்னொரு ஜன்னலில் அவன் ஊரில் வேறு வீட்டில் இருந்தான் என்றேன். மூன்றாவது இடத்தில் மனு எழுதுகிறவரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. மூன்று மனுவும் ஒன்றுக்கு ஒன்று ஒட்டாமல் போய், ஒரு ஆபீசர் அவற்றை ஒன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எதும்மா நிஜம்?” என்றார். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காப்பகத்துக்கு ஐந்தாவது தடவை போனபோதுதான் ஒரு அம்மாவைப் பார்த்தேன். நூல் புடவை, ஆம்பளை கட்டுகிற கடிகாரம், துணிப்பையில் நாடா கட்டிய ஃபைல்கள். வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வியாழக்கிழமைதோறும் அங்கே வருகிறவர் போலிருக்கிறது.

“போன வாரமும் இங்கேதானே நின்னீங்க?” என்றார். “யாரைப் பார்க்க வர்றீங்க?”

நான் முறைத்தேன். அவர் தள்ளி நின்று தன்னைப் பற்றிச் சொன்னார். ஆவடியில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் அவர்களுக்கு ஒரு அறை ஆபீஸ் இருக்கிறதாம். தன் காரியத்தைத் தானே பேசிக்கொள்ள முடியாத பெரியவர்களுக்காக ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லா இடமும் கூட வருவார்களாம். ஒருத்தர் விஷயத்தை எடுத்தால் கடைசி வரைக்கும் அதே ஆள்தான் பார்ப்பாராம்.

“காசு எவ்ளோ ஆவும்?” என்றேன்.

“காசு வாங்கறதில்லம்மா.”

“அப்ப வேற இன்னா வேணும் உங்களுக்கு?”

“நடந்ததை ஒரு தடவை முழுசா சொல்லணும். எனக்கு மட்டும். அப்புறம் எந்த ஜன்னல்லயும் நீங்க சொல்ல வேண்டியதில்ல, நான் சொல்லிக்கறேன்.”

வீட்டில் வந்து சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார். “காசு வாங்காத உத்தியோகமா? இன்னிக்கு பை தூக்கிகினு வருவா, நாளைக்கு ஓட்டு கேட்டுகினு வருவா.” எதிர் வீட்டுக்காரி அதைவிட ஒரு படி மேலே போனாள். “யக்கா, ஏமாந்துடாதே. கிட்னியை எடுத்துகினு உட்டுருவாங்க!”

எனக்கும் சும்மா வாங்கிக்கொள்வது என்றால் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். வீட்டுக் கூரையில் காய்த்த பூசணிக்காயை எடுத்துக்கொண்டு ஆவடி போய் மாடி ஏறினேன். அவர் பூசணிக்காயைப் பார்த்ததும், “வாங்கக் கூடாதும்மா, வாங்கினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றார். சரிதான் போ என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. உட்கார்ந்தேன். ஊரில் வேறு வீட்டில் இருந்தான் என்ற கதையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்து, எழுதியதைப் படித்துக் காட்டினார். நான் சொன்ன பொய்யை இன்னொருத்தர் வாயில், நிதானமாக, வரி வரியாகக் கேட்டேன். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த வீட்ல அவருக்கு சோறு போட்டது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

நான் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். திரும்புகிற பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாமல், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி போனேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. உட்காரவும் இல்லை. வாத்தியார் வந்தது, சம்பந்தி அம்மாள் தம்ளரைக் கீழே வைத்தது, நான் தலையை ஆட்டியது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். என் பிள்ளைகளுக்கே அன்றுவரை தெரியாது. அவர் ஐயோ என்று சொல்லவில்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. முந்தின தாளைக் கிழித்தார். புதுத் தாளை எடுத்தார்.

“சரி. இறந்துட்டாருன்னு எழுதியிருக்கு. உயிரோட இருக்கார், உங்க வீட்டு ஆளுதான்னு காட்டணும். அவரு சின்ன வயசுல எங்கெல்லாம் போயிருக்கார், சொல்லுங்க.”

“ஒரு இடமும் போனதில்லம்மா. பள்ளிக்கூடத்துல பத்து நாளு உட்டாங்க. வேணான்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

அந்தப் பத்து நாளைப் பிடித்துக்கொண்டார் அவர். ஏரிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு பேரும் போனோம். தலைமை ஆசிரியர் முதலில், அவ்வளவு பழைய பதிவேடு எங்கே இருக்கப் போகிறது என்றார். இந்த அம்மாவோ, பரவாயில்லை சார், தேடிப் பாருங்கள் என்று அங்கேயே நின்றார். எனக்கென்றால் கால் தரிக்கவில்லை. வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். அவரோ பஸ்ஸுக்கு நிற்கிறவர் போலச் சாதாரணமாக நின்றார். மதியம் தாண்டி ஒரு டிரங்குப் பெட்டி திறந்தது. கரையான் ஓரத்தைத் தின்றது போக நடுவில் இருந்தது. பையன் பேர், அப்பன் பேர், ஊர். அப்பன் பேர் என் வீட்டுக்காரர் கம்பெனிக் காகிதத்தில் இருக்கிற அதே பேர். அந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி நானே படித்தேன். அவன் பேரை ஒரு தாளில் நான் முதன்முதலாகப் படித்தது அன்றுதான்.

மெத்தைக் கடைப் பாய் எழுதிக் கொடுத்தார். எத்தனை வருடமாகத் தெரியும், எந்த நேரத்துக்கு வருவார், எந்தத் திசையில் திரும்பிப் போவார் என்பதெல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, “நம்மளால ஆவுதுன்னா கோர்ட்டுக்கும் வரேம்மா, ஒரு நாள் மெத்தை தைக்கலேன்னா ஒண்ணும் கெட்டுடாது” என்றார். சின்ன வயதில் அவன் கஞ்சி கொட்டிக்கொண்ட தழும்பு இடது முழங்கைக்கு மேலே இருக்கும் என்று நான் சொன்னதை, காப்பகத்து டாக்டர் பார்த்து எழுதினார். வேலை நடக்கிறது என்று தெரிந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. மார்கழி பாதி போய்விட்டது. வாரம் இரண்டு தடவை மாடி ஏறி, “இன்னா ஆச்சும்மா? பொங்கல் வந்துடுச்சே” என்று நச்சரிப்பேன். அவர் ஃபைலைத் திறந்து, எந்தத் தாள் எந்த மேசையில் இருக்கிறது, யார் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை போக வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுவார். அதைக் கேட்டால் பஸ் ஏறுகிறவரைக்கும் நிம்மதி இருக்கும். பஸ் நகர்ந்தால் போய்விடும்.

கடைசியாகப் பெரிய அதிகாரியின் முன்னால் போனோம். வீட்டுக்காரரும் வந்தார். வழியெல்லாம் என் காதில், “கணக்கெடுத்தவர் மேல போட்டுடு, அவரா வரப் போறாரு?” என்று ஓதிக்கொண்டே வந்தார். உள்ளே அந்த அம்மா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பொண்ணு கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சொன்னது என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“இவங்க சொல்றது நிஜமாம்மா?”

“நெசம் சார்” என்றேன். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அவனை விட்டார்கள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவன் உட்காரவில்லை. “இன்னா நைனா, சீட்டு காலியா கீது, குந்தேன்! என் மேல ஏன் உழுவுற?” என்று கண்டக்டர் கத்தினார். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லா நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்தபடி வந்தான். வீட்டு வாசலைத் தாண்டி, இத்தனை நாள் கழித்து, உள்ளே நுழைந்தான். பின்னால் நான் நுழைந்தேன். எனக்குப் பின்னால் அந்த அம்மா நுழைந்தார்.

வேற்று ஆள் வந்ததை அவன் பார்த்தான். நேராக ஆணிக்குப் போனான். பழைய சிவப்புத் துண்டு வேனோடு போய்விட்டது. அங்கே தொங்கிய என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டான்.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். தெருமுனையில் பிடித்தேன். கையைப் பிடித்து இழுத்தாலும் வரவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறது, எனக்கு இன்னும் நேரமாகவில்லை என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறான். அந்த அம்மா மெதுவாக நடந்து வந்தார்.

“யாரு வந்தா இவரு இப்படிப் போவாரு?”

“யாரு வந்தாலும்.”

“நீங்க சொல்லிக் குடுத்ததா?”

நான் ஆமாம் என்றேன். அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரி, வாரத்துக்கு ஒரு நாள் நான் வரேன். சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போறேன். விருந்தாளி வந்தா வீட்ல இருக்கலாம்னு அவருக்குத் தெரியட்டும்” என்றார்.

எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. ஆளை மீட்டுக் கொடுத்தார், வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் செவ்வாய்க்கிழமை வந்தார். அவன் போய்விட்டான். அடுத்த செவ்வாயும் வந்தார். அவர் உட்கார்ந்து அட்டையில் பேர் சேர்க்கிற மனு, டாக்டர் சான்று, உதவித்தொகை மனு என்று ஒவ்வொன்றாக எனக்கு விளங்க வைப்பார். அவன் தெருமுனையில் நிற்பான். நான் அவன் சோற்றைத் தட்டில் போட்டு உள்ளேயே வைத்துவிட்டு, “சோறு உள்ளகீது, வா!” என்று குரல் கொடுப்பேன். நாலாவது வாரம் குழாயடி வரைக்கும் வந்தான். அதற்கப்புறம் பின்வாசல். மாசி மாதம் ஒரு செவ்வாய், அந்த அம்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே வந்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று, தட்டைக் கையில் எடுத்தான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பங்குனியில் பெரிய பெண்ணுக்கு வளைகாப்பு. சம்பந்தி அம்மாள் சொந்தக்காரர்களோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர்கள் கணக்கில் என் கொழுந்தன் செத்துப்போனவன்.

“இன்னிக்கு ஒரு நாள் அனுப்பிடு” என்றார் வீட்டுக்காரர். “ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் உன் இஷ்டம்.”

என் பெண் அழாத குறையாக, “எம்மா, நான் அந்த ஊட்லதானம்மா போய் வாழணும்” என்றாள்.

அவள் சொன்னதும் நியாயம். நான் தூக்கை எடுத்தேன். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், மூடினேன். மூடியைத் திறந்தேன், திரும்ப மூடினேன். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவன் சுவரை விட்டு நகர்ந்து ஆணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போகவா என்று கேட்கிறான். இதுவரைக்கும் அவன் கேட்டதே இல்லை. பத்து வாரமாக ஒருத்தர் சும்மா வந்து வந்து உட்கார்ந்ததால் வந்த கேள்வி அது. இன்றைக்குப் போ என்றால் இனி அவன் கேட்கவே மாட்டான். தூக்கிலிருந்த சோற்றைத் தட்டில் கொட்டி அவன் கையில் கொடுத்தேன். “நில்லு இங்கியே” என்றேன்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். சம்பந்தி அம்மாளின் கண் நேராக அவன் மேல் போனது.

“யாருங்க இவரு?”

“எங்க ஊட்டுக்காரரு தம்பிங்க. அன்னிக்கு இல்லேன்னு சொன்னேனே, அவருதான்.”

கூட வந்த ஒரு கிழவி, “செத்தவரு நின்னுகினே சோறு துன்றாரு பாரு!” என்றாள். யாரோ சிரித்தார்கள். சம்பந்தி அம்மாள் சிரிக்கவில்லை. “அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சுகினு நான் அழுதனேங்க” என்றார். மருமகளுக்கு இரண்டு வளையல் போட்டார். சாப்பிடாமல் வண்டி ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் வாசப்படி மிதிக்கவில்லை. என் பெண் அந்த வீட்டில் எத்தனை பேச்சு கேட்டிருப்பாள் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பாரம் என்னுடையது. அன்றைக்கு அத்தனை கூச்சலுக்கும் நடுவில் அவன் மட்டும் போகவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டான்.

அட்டையில் பேர் ஏறியது. அதற்கு ஒன்றரை வருடம் ஆனது. உதவித்தொகை அதற்கும் பிறகு. நடையை அவன் விடவில்லை, யாரும் விடச் சொல்லவும் இல்லை. அவன் போகிற வழியில் நாலு கடைக்காரர்களுக்கு எங்கள் தெருவையும் வீட்டையும் சொல்லி வைத்தோம். அந்த ரோட்டில் ஒவ்வொரு கடையாக ஏறி, இவர் என் கொழுந்தன் என்று சொல்ல வைத்தது அந்த அம்மாதான். முதல் கடையில் நாக்கு எழவில்லை. கடைசிக் கடையில், “எங்க ஊட்டு ஆளு, பாத்துக்கோங்க” என்று சத்தமாகவே சொன்னேன்.

தொண்ணூறுகளின் பாதியில் அந்த மாடி ஆபீசை மூடிவிட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் நிறுத்திவிட்டார்களாம். அவர் கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை வந்து அவன் ஃபைலை என்னிடம் கொடுத்தார். இது உங்களுக்குத்தான், எங்கே போனாலும் இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கொழுந்தன் அப்புறம் மூன்று வருடம் இருந்தான். காய்ச்சலில், எங்கள் வீட்டில், என் கண் முன்னால் போனான். இந்த முறை நிஜமாகவே அட்டையிலிருந்து பேர் எடுக்க வேண்டியிருந்தது. நானே ஜன்னலில் போய் நின்று சொன்னேன். வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சும்மா செய்தார்கள் என்று ஊர் சொல்லும். சும்மாவா அது? எத்தனை பஸ், எத்தனை படி, எத்தனை செவ்வாய்க்கிழமை. என் பொய்யை ஒருத்தர் கேட்டுக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்றார். அதற்கு நான் என்னத்தைக் கொடுத்திருக்க முடியும்? ஒரு பூசணிக்காய்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அவரிடம் நன்றி என்று நான் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. எனக்கு அது வராது. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன்.

வளைகாப்பு அன்றைக்கு என் பெண் வயிற்றில் இருந்த பேத்திதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதியிருக்கிறாள். பேச்சை அங்கங்கே சீராக்கியிருப்பாள், அது அவள் படிப்பு. ஆனால் வளைகாப்பைச் சொன்னபோது பேனா கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். கண்ணு, சம்பந்தி அம்மாள் உன் அப்பாவைப் பெற்ற ஆயா, உனக்கு எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவர் மேல் குற்றம் இல்லை, நான் சொன்ன பொய்க்கு அவர் கோபப்பட்டார், அவ்வளவுதான். அந்த இடத்தை எழுதினாயா, தாண்டிவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. உன் எழுத்து எனக்குப் புரிவதில்லை.

எங்கே, முதலிலிருந்து படி. நான் கேட்கிறேன்.